மருந்துப் பெட்டிக்குக் காவல்

நண்டுக்குழிக்காரர்கள் யார் பேச்சையும் தட்டமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்துவிடுவார்கள். கடலோரத்து அந்த ஊர் உருப்படாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்பேர்ப்பட்ட ஊரில் வாழ்க்கைப்பட்டவள் செசிலி. இப்போது ஏழாம் மாதம். அக்காவின் பச்சைக்குழந்தையை ரணஜன்னி கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவள். அதற்கான தடுப்பூசி போடாமல் நாள் போகப் போக, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியோ தூரம், பஸ்ஸோ நினைத்தால்தான் வரும். ஆள்மேல் ஆள் விட்டு, கடைசியில் எஸ்தர் நர்ஸை ஊருக்கே வரவழைத்துவிட்டாள்.

நர்ஸ் தோளில் மருந்துப் பெட்டியோடு வந்து இறங்கினார். செசிலியின் புருஷன் கஸ்பாரிடம் பெட்டியைக் கொடுத்தார்.

"கடைசி வீட்டுல பிள்ளை பெத்தவளைப் பார்த்துட்டு வந்திடுதேன். அதுவரைக்கும் இது நிழல்ல இருக்கட்டும். சூடு பட்டா மருந்து வீணாப்போயிரும். யார் வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது."

பக்கத்தில் இருந்த நிழல் ஒரு மாட்டின் நிழல். அதில் பெட்டியை வைத்தார்கள். மாடு நடந்தது. கஸ்பார், தம்பி தொம்மை, அப்பா மிக்கேல் மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்கள். நர்ஸும் செசிலியும் அவர்களைத் தேடிப் பிடித்தபோது, மாடு ஊர் எல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது.

"பெட்டியைக் குடுங்க, திறக்கணும்" என்றார் நர்ஸ்.

கஸ்பார் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "யார் வந்து கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்காங்க."

"அந்த நர்ஸம்மா நான்தானே."

"இல்லேங்கலையே. இப்பக் கேக்கதும் நீங்கதானே."

"அண்ணே, இவங்க பேச்சை நம்பித் திறந்திட்டோம்னு வையி. நாளைக்கு இவங்களே வந்து ஏன் திறந்தேன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றான் தொம்மை.

மிக்கேல் தாடையைத் தடவினார். "நியாயமான பேச்சு."

நர்ஸ் கெஞ்சினார், அதட்டினார். பஸ் போய்விட்டால் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. செசிலிக்கு அழுகை முட்டியது. ஆனால் முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, யார் வந்து கேட்டாலும் கூடாதுன்னுதானே சொன்னாங்க? என் வயித்துல இருக்கிறது இன்னும் வரவே இல்லையே. அது கேட்டாத் திறக்கலாம்லா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தக் கோணத்தை யாரும் யோசிக்கவில்லை. கஸ்பார் அவள் வயிற்றில் காதை வைத்தான்.

"என்னலே சொல்லுது?" என்றார் மிக்கேல்.

"உதைக்குதுப்பா."

"அப்போ அவசரமாத்தான் கேக்குது. திற."

செசிலி கையை நீட்டினாள். ஊசி ஏறியபோது வலி அவளுக்குத் தெரியவே இல்லை. பிள்ளை தப்பித்தது என்ற நிம்மதியில் வாய்விட்டு அழுதாள். இந்த ஊரில் வாயைத் திறந்தாலே வம்பு என்று, நர்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

செசிலி மெல்ல நடந்து வீடு வந்து சேர்ந்தாள். முற்றத்து நிழலில் ஆளுயர மீன்பெட்டி திறந்து கிடந்தது. தொம்மை அதில் ஐஸ்கட்டியை உடைத்துப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"மருந்து இப்ப உனக்குள்ளதானே இருக்கு. சூடு படலாமா? ஏறிப் படு" என்றான் கஸ்பார்.

செசிலி நிதானமாகக் கேட்டாள். "பிள்ளைக்குக் குளிராதா?"

அதற்குத்தான் அவன் காத்திருந்தான். மடியிலிருந்து ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்து, அவள் வயிற்றின்மேல் பதமாக மாட்டிவிட்டான்.