உப்புப் பார்க்காத குழம்பு

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், தோல்வி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய சபையில் மாசிலாமணி என்ற விகடகவி. உப்பளத்தில் கால் வெந்து உழைத்தும் அரைவயிற்றுக் கஞ்சிக்கு அல்லாடும் குடும்பங்களைத் தலைநிமிரச் செய்யும் பொறுப்பை, அரசர் ஒருநாள் விளையாட்டாக அவர் தலையில் கட்டிவிட்டார்.

மாசிலாமணி முதலில் ஆடு வாங்கிக் கொடுத்தார். உவர்நிலத்தில் மேய்ச்சல் இல்லை, ஆடுகள் செத்தன. அடுத்து தறி போட்டுக் கொடுத்தார். அந்தச் சனங்களுக்கு மழைக்காலத்தில்தான் ஓய்வு. அப்போது பாதை மூழ்கி நூல் வந்து சேரவில்லை. மனிதர் அலுத்துப்போனார். ஆனாலும் மூன்றாவதாக ஒன்று தோன்றியது: அந்தச் சனங்கள் தங்கள் உப்பைத் தாங்களே படகேற்றி விற்றால் என்ன?

அங்கேதான் வந்தது வினை. அந்த உப்பை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டிருந்தவர் அமைச்சர் அநந்தசயனரின் மைத்துனர்.

“அரசே, இருமுறை செய்து பார்த்தார், இருமுறையும் மண்ணைக் கவ்வினார். ஏழைகளை வைத்து விளையாடுவதா?” என்றார் அமைச்சர்.

அரசர் சீறினார். “இனி நம் நாட்டில் எவரும் எதையும் செய்து பார்க்கக் கூடாது! மாசிலாமணி, நீரே இதை வீடுவீடாக அறிவித்து வாரும்.”

வாதாட மாசிலாமணிக்குத் தெம்பில்லை. “எந்த வீட்டில் தொடங்கட்டும், அரசே?”

“என் வீட்டிலேயே தொடங்கும்!”

மறுநாள் மதியம் அரசர் முதல் கவளத்தையே துப்பினார். சமையற்காரர் ஓடிவந்தார். “உப்புப் பார்க்கவில்லை, பிரபு. பார்க்கக் கூடாது என்று ஆணை.”

புதுச் சட்டை அக்குளைப் பிடித்தது. “அளவு பார்க்கவில்லை, பிரபு” என்றார் தையற்காரர். வயிறு புரட்டியது. வைத்தியரோ கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். “நாடி பார்க்க அனுமதியில்லையே!”

“கூப்பிடு மாசிலாமணியை!”

வந்தவர் களைப்போடு வணங்கினார். “நான் ஓரெழுத்தும் கூட்டிச் சொல்லவில்லை, அரசே.”

“உப்புப் பார்ப்பதும் செய்து பார்ப்பதும் ஒன்றா?”

“ஒன்றுதான். குழம்பு முழுவதும் கெடாதிருக்கத்தான் சமையற்காரர் ஒரு துளியை நாக்கில் விட்டுப் பார்க்கிறார். நானும் ஒரே ஊருக்குத்தான் ஆடு கொடுத்தேன். நாடு முழுவதற்கும் கொடுக்கவில்லை.”

“செத்த ஆடு செத்ததுதானே?” என்றார் அருகிலிருந்த அமைச்சர்.

“செத்ததுதான். மன்னிப்புக் கேட்கப் போனேன். உப்பளத்துக் காத்தாயி என்ன சொன்னாள் தெரியுமா? ‘ஆடுதான் செத்துச்சு சாமி, நாங்க இன்னும் சாவல. வேற எதாச்சும் செஞ்சு பாருங்க.’”

அரசர் தம் சட்டையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கையைக் கட்டி நிற்கும் வைத்தியரைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் அக்குள் தையல் பிரிந்தது. ஆணையைத் திரும்பப் பெற்று, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

“மாலை இருக்கட்டும், அரசே. இரண்டு படகு கொடுங்கள். அமைச்சரின் மைத்துனர் படகுத்துறையை மறிக்காதிருக்க ஓர் ஓலையும் கொடுங்கள்.”

அரசர் படகும் ஓலையும் கொடுத்து, மாலையையும் அவர் கழுத்தில் போட்டார். “இதுவும் தோற்றால்?”

“எங்கே தவறினேன் என்று அவர்களையே கேட்டுக்கொண்டு மறுபடி உங்களிடம் வருவேன்” என்றார் மாசிலாமணி. “உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் அலுக்கும். பசிக்கு மட்டும் அலுக்காது, அரசே.”