சரின்னு மட்டும் சொன்ன வீடு

"வாயாடியா? ஆமா நாட்டாம மாமா, நான் வாயாடிதான்! எங்க வீட்ட விலை பேசுறப்ப நான் பேசாம வேற யாரு பேசுவா? பெரியவங்க பேச்சுல குறுக்க வரக்கூடாதுன்னு எந்தச் சாமி உங்க காதுல வந்து ஓதுச்சு?"

நடுத்தெருவுல நின்னு இப்படிக் கத்துனாளே, அவதான் வேம்பாயி. பட்டணத்துப் பாடசாலையில படிக்கிறவ. அப்பத்தான் ஊரு திரும்பியிருந்தா, தோள் மூட்டையக்கூட எறக்கல.

இது எப்போ நடந்துச்சு தெரியுமா? ஏணி வச்சா நிலா எட்டுற உயரத்துல தொங்குன காலத்துல. குருவிக்காடுன்னு ஒரு குட்டி ஊரு. ஊருக் கடைசியில வேம்பாயியோட ஓட்டு வீடு. சும்மா வீடு இல்லீங்க, ரோஷக்கார வீடு! வெயில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும். மழை வந்தா தும்மும். "கதவத் தொற"ன்னா, "முடியாது போடி"ங்கும். வேம்பாயி வீட்டத் திட்ட, வீடு வேம்பாயியத் திட்ட, அம்மா செவந்தி நடுவுல நின்னு சிரிக்க, அப்படி ஓடுச்சு பொழப்பு. கொல்லையில வத்தாத கெணறு. ஊருக்கே அதுதான் குடிதண்ணி.

அந்தக் கெணத்து மேல கண்ணு வச்சான் கபாலகண்டன்னு ஒரு மந்திரவாதி. அதுக்குப் பூட்டு போட்டா ஊரே தன் கால்ல விழும்ல? "கண்ணு படாம இருக்கட்டும் தாயி"ன்னு மீசை வரைஞ்ச திருஷ்டி பூசணிக்கா ஒண்ணக் குடுத்தான். செவந்தியும் நம்பி வாங்கி வாசல்ல கட்டுனா. கட்டுன திருஷ்டி பூசணிய யாராச்சும் தொடுவாங்களா? மறுநாளே "வீடு விலைக்கு"ன்னு பலகை தொங்குச்சு!

ஊர் முன்னால வாங்குறவன் கேக்கக் கேக்க வீட்டுக்காரங்க மூணு தடவ "சரி" சொன்னா வீடு கைமாறிடும். அதான் அந்த ஊரு வழக்கம். பூசணிக்குக் கீழ நின்னு செவந்தி ரெண்டு தடவ சொல்லியாச்சு. நாட்டாமையும் ரெண்டு தடவ தலையாட்டியாச்சு. மூணாவதுக்கு மந்திரவாதி வாயத் தொறக்குறான், வந்து நிக்கிறா வேம்பாயி.

"அம்மா, வீட்ட வித்துட்டு எங்க போவ? காட்டுக்கா?"

"சரி."

"அங்க நரிக்கு வாக்கப்படுவியா?"

"சரி."

வேம்பாயிக்குச் சுருக்குன்னுச்சு. "ஏ வீடே, நீயாச்சும் சண்டை போடேன்!"

"சரி."

வீடா? சரியா? பொறந்ததுலேருந்து அவ சொன்ன ஒண்ணையும் கேக்காத வீடாச்சே! நிமிந்து பாத்தா. மீசைக்கடியில பூசணிக்கா சிரிச்சுது. அதுக்குக் கீழ நின்னா எதக் கேட்டாலும் சரிதான். அத மாட்டிக்கிட்ட வீட்டுக்கும் சரி. மந்திரவாதி மட்டும் தெருவுலயே நிக்கிறான்!

"ஏன்யா, வாங்குறவன் உள்ள போயிப் பாக்க மாட்டியா?"

"எனக்கு இங்கேருந்தே தெரியும், நீ போடி! செவந்தி, மூணாவது தடவயா கேக்குறேன்..."

"வீடே! முன்னால சாயறியா?"

"சரி!"

ஓடு கடகடங்க, சுவரு மளமளங்க, வீடு தெருவுக்கே குனிஞ்சுது. பூசணிக்கா ஊஞ்சலாட்டம் ஆடி வந்து கபாலகண்டன் தலைக்கு நேரா நின்னுச்சு.

"எங்க வீட்ட விட்டுடுறியா?"

"ச... ச... சரி!"

"ஊர விட்டே ஓடிடுறியா?"

"சரி!"

"இந்தப் பூசணிய உன் மண்டையிலயே ஒடைக்கட்டுமா?"

"சரீஈஈ!"

டமார்! மந்திரமும் போச்சு, பூசணியும் போச்சு. கபாலகண்டன் காக்காயா மாறி, தலையில பூசணி விதையோட மலை தாண்டிப் பறந்தான்.

"எவடி என்ன நரிக்குக் கட்டி வைக்கப் பாத்தது?"ன்னு செவந்தி முழிச்சுக்கிட்டா. விலைப் பலகை அடுப்புக்குப் போச்சு. வீடு நிமிந்து ஒரு தும்மல் போட்டுச்சு.

"கதவத் தொற"ன்னா வேம்பாயி.

"முடியாது போடி!"

அந்தக் கதவக் கட்டிக்கிட்டு அவ அழுதா, சிரிச்சா. ஊரே குலவை போட்டுச்சு. வேம்பாயி கேள்வி கேட்டு முடிக்காம இனி குருவிக்காட்டுல ஒரு செங்கல்கூடக் கைமாறாதுன்னு அங்கயே முடிவாச்சு.

அந்தக் கூத்துல நாட்டாமை மெல்ல நழுவப் பாத்தாரு.

"நில்லுங்க மாமா! எங்கம்மா பூசணிக்குக் கீழ நின்னா, சரின்னா. வீடு பூசணிய மாட்டியிருந்துச்சு, சரின்னுச்சு. நீங்க தெருவுல, மர நெழல்ல, காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்க தலைய எந்தப் பூசணி ஆட்டுச்சு? இதோ ஊரே நிக்குது. எல்லார் முன்னாலயும் பதில் சொல்லுங்க!"