வேகாமல் எடுத்த பிள்ளை

மாடும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பிள்ளைகள் வயிற்றில் பிறக்கவில்லை, சூளையில் பிறந்தார்கள். பிள்ளை வேண்டுமென்றால் கண்மாயில் மண்ணெடுத்து, மிதித்துப் பதமாக்கி, சூளைக்காரி மண்ணாத்தாளிடம் கொடுக்க வேண்டும். கன்றோ குட்டியோ பிள்ளையோ, கேட்டதை அவள் கையகலத்துக்கு வனைந்து, சூளையில் அடுக்கித் தீ வைப்பாள். தீயிலேயே உப்பி வளர்ந்து, அனல் அடங்கியதும் எல்லாம் எழுந்து சாம்பலைத் தட்டிவிட்டு நடந்து போகும். மனுசப் பிள்ளையும் ஆளுயரத்துக்குத்தான் வெளியே வரும். வாய் நிறையப் பல்லு, வாய் கொள்ளாத பேச்சு. கிழடு தட்டுவதும் கிடையாது. என்றைக்காவது விழும், உடையும், அவ்வளவுதான்.

சடைச்சி மூன்று தரம் மண் மிதித்தவள். மூத்தவன் அவளைத் தாண்டிக்கொண்டு போனான். அடுத்தவள் அவள் காலை மிதித்துக்கொண்டு போனாள். மூன்றாமவன் முகத்துக்கு நேரே நின்று, "யாரு நீ? வழியை விடு" என்றான்.

நாலாவது பிள்ளைக்காகச் சூளை வாசலில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தன் கன்றுக்காகப் படுத்திருந்த எருமை அசைபோட்டபடி கேட்டது: "எதுக்குடி இப்படிக் கறுவிக்கிட்டு இருக்கே?"

"நான் மிதிச்ச மண்ணு, என்னையே யாருன்னு கேக்குது."

"எந்திரிச்சு நடக்கிற பிள்ளைக்கு ஆத்தா எதுக்குடி? என் கன்னும்தான் போகும். நான் ஒப்பாரியா வைக்கிறேன்?"

எருமை கேலியாகத்தான் சொன்னது. சடைச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்தாள். சூளை வாயை மூடியிருந்த மண்பூச்சில் விட்டாள் ஒரு உதை. சுவர் பொலபொலவென்று சரிந்தது. கை வெந்ததைக்கூடப் பார்க்காமல் கங்குக்குள் துழாவி, தன் பிள்ளையை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டாள்.

அது முழங்கை நீளம்தான் இருந்தது. பல் இல்லை, கழுத்து நிற்கவில்லை. அவள் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் உச்சந்தலை குழிந்துபோனது. வீல் என்று கத்தியது பாருங்கள், எருமையே மிரண்டு எழுந்துவிட்டது. அதுவரை பிள்ளை அழுது யாரும் கேட்டதில்லை.

மண்ணாத்தா மண் அப்பிய கையோடு ஓடிவந்தாள். "அடி பாவி! என் சூளையில கால் வைக்க என்னடி திமிரு உனக்கு?"

"மூணு பிள்ளையையும் சுட்டுக் கல்லாக்கிக் குடுத்தியே, உனக்கு எம்புட்டுத் திமிரு?"

"உள்ளே வைடி அதை! மூக்கைப் பாரு, சப்பிப்போய்க் கிடக்கு. தலையைப் பாரு, கோணக்கோண."

"நான் நீவி விட்டுக்கிறேன். எனக்குக் கையில்லையா?"

மண்ணாத்தா கையில் அப்பியிருந்த மண்ணை வழித்துத் தரையில் அடித்தாள்.

"சரிடி, நல்லாக் கேட்டுக்கோ. மிச்சத்தை நீதான் வேகவைக்கணும், உன் மடிச்சூட்டுல. புரண்டு படுக்கவே மாசக்கணக்காகும். நடந்தா விழும். பாதி வெந்த மண்ணு படபடன்னு வெடிக்குமே, அப்படி ஒரு வயசு வரும். சில்லு உன் மூஞ்சியிலதான் தெறிக்கும். அப்புறம் இறுகி நிக்கும். ஆனா நான் சுட்டது மாதிரி நிக்காது. வெயில்ல விரிசல் விடும், மழையில கரையும். ஈரமண்ணை மாரோட அணைச்சிருக்கே, அந்த ஈரம் உனக்கும் ஊறும். பல்லு கொட்டி, கழுத்து தொங்கி, நீயும் இது மாதிரி கிடப்பே. அப்ப உன்னை எவடி தூக்குவா?"

சடைச்சி பிள்ளையை முந்தானையில் சுற்றினாள். "அது உனக்கெதுக்கு?" என்று கத்திவிட்டு நடந்தாள்.

"சூளையையும் உடைச்சுட்டுப் போறா!" மண்ணாத்தா பின்னாலேயே கத்தினாள். "இனி அவங்கவங்க வயித்துலயே சுட்டுக்குங்க! எருமைக்குப் பொறுமை இருக்கு, நல்லா வேகவிட்டுப் பெறும். நீங்க அவசரக் குடுக்கைங்க, பாதியிலயே இழுத்துப் போடுவீங்க!"

சடைச்சி பிள்ளைக்குப் பூவாயி என்று பேர் வைத்தாள். தினமும் வெந்நீரில் குளிப்பாட்டி, எண்ணெய் தொட்டு மூக்கை நீவினாள், தலையை உருட்டினாள். சாபம் ஒன்றுவிடாமல் பலித்தது. நெடுநெடுவென்று வளர்ந்த பூவாயி ஒருநாள் கஞ்சிப் பானையை எட்டி உதைத்து, "உன்னை யாரு என்னை அள்ளிட்டு வரச் சொன்னா?" என்று கத்தினாள். சடைச்சி அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மூன்றாமவன் யார் நீ என்று கேட்டான். இவளோ, நான் ஆத்தா என்று தெரிந்தல்லவா கத்துகிறாள்!

அப்புறம் சடைச்சிக்குப் பல்லு கொட்டியது, கழுத்து தொங்கியது. அவள் துப்பிய சோற்றைத் துடைத்துக்கொண்டே பூவாயி சிடுசிடுத்தாள்: "வாயைத் திற. எத்தனை தரம் சொல்றது?"

"சுடுதுடி."

"ஊதித்தானே தர்றேன்!"

"எவ தூக்குவான்னு கேட்டாளே மண்ணாத்தா, அவகிட்டப் போய்ச் சொல்லுடி."

"நீயே போய்ச் சொல்லு. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று எரிந்து விழுந்த பூவாயி, அந்தக் கையோடேயே அவளை அள்ளித் தூக்கி இளவெயிலில் உட்காரவைத்தாள்.

அன்று தொட்டுத்தான் எருமைக் கன்று பிறந்து விழுந்த நாளே எழுந்து நிற்கிறது. நம் பிள்ளையோ உச்சிக்குழி துடிக்க மடியிலேயே கிடக்கிறது, அதன் மூக்கை நீவித் தலையை உருட்டிவிட்ட கையையே பிற்பாடு ஒருநாள் திட்டிக்கொண்டே பிடித்துத் தூக்குகிறது.