ஒன்றையும் தள்ளாத வரிசை

ஷமீமாவுக்கு வயது முப்பது. அவளிடம் வேலை பழகிய செல்வநேசனுக்கு ஐம்பது. ஊட்டியில் ஒரு மருத்துவமனை. அதன் லினக்ஸ் சர்வர்கள் அவள் பொறுப்பு. இருபது வருடம் ஒயர் இழுத்தவர் கையில் இப்போதுதான் கீபோர்டு வந்திருந்தது.

திங்கள்தோறும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மேடம், நாகர்கோவில் கிளைக்கு என் டிரான்ஸ்பர் என்னாச்சு?"

மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். மகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் வீடே காத்துக் கிடந்தது.

"பார்க்கலாம் சார்" என்பாள் ஷமீமா. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது.

அந்தத் திங்களன்று டாக்டர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். வீடியோவில் இவர்கள் பேசுவது நான்கு விநாடி கழித்துத்தான் வெளியூர் நோயாளியின் காதில் விழுகிறதாம்.

"சார், டிசில ஏதாவது மாத்துனீங்களா?"

டிசி என்பது லைனில் எது முன்னால் போவது, பாக்கெட் என்கிற தகவல் துண்டுகள் எத்தனை வரிசையில் நிற்பது என்று தீர்மானிக்கும் கருவி.

"வரிசையைப் பெருசாக்கினேன் மேடம். முன்னெல்லாம் ஸ்கேன் படம் அனுப்பும்போது கொஞ்சம் பாக்கெட் தள்ளுபடி ஆகும். இப்ப ஒண்ணுகூட ஆகாது." குரலில் பெருமை சற்றுத் தூக்கலாகவே இருந்தது.

அவள் ஒரே ஒரு வரி தட்டினாள். வரிசை சுருங்கியது. தள்ளப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை திரையில் ஏறத் தொடங்கியது. பக்கத்து அறையில் டாக்டரும் வீடியோவில் நோயாளியும் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

செல்வநேசனுக்கு மனம் ஆறவில்லை. "இத்தனையைத் தள்ளிவிடுறது பாவமில்லையா மேடம்?"

"தள்ளினா அனுப்பின மெஷினுக்குத் தெரிஞ்சுடும் சார். வேகத்தைக் குறைச்சுக்கிட்டு மறுபடி அனுப்பும். நீங்க எதையும் தள்ளல, எல்லாத்தையும் நிக்க வச்சுட்டீங்க. டாக்டர் பேச்சும் அதுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. போய்ச் சேர்ந்துடும்னு நம்பி அது பாட்டுக்கு அனுப்பிட்டே இருந்துச்சு."

அவள் தட்டிய வரியை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, திங்கள்கிழமை அல்லவா, கேட்டார்.

"மேடம், என் டிரான்ஸ்பர்?"

"பார்க்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கிடைக்காது சார். மார்ச்லயே மறுத்துட்டாங்க. சொல்ல எனக்கு மனசு வரல. இங்க ஸ்கூல்ல அட்மிஷன் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு."