மூன்று ஊருக்கும் சம தூரம்

"கணக்கு சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லிடுங்க டீச்சரம்மா" என்றார் தணிகாசலம், வரைபடத்தை விரித்தபடி.

அவர் ஊராட்சித் தலைவர். மலையடி ஆசிரமத்தில் வடிவியல் சொல்லித்தரும் மரகதவல்லியிடம் ஐம்பத்தோரு வயதில் மாணவராகச் சேர்ந்தவர். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

லேசாக வளைந்து போகும் ஒரே சாலையில் மூன்று ஊர்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் அடிபம்புதான் அனுமதியாகியிருந்தது. நாளைக் காலை ஆழ்துளைக் கிணறு போடும் லாரி வருகிறது. இடம் காட்டாவிட்டால் அது அடுத்த ஒன்றியத்துக்குப் போய்விடும்.

"மத்த ஊருக்கு ஓரடிகூடக் கிட்டத்துல இருக்கக் கூடாதுன்னு மூணு ஊரும் சொல்லுச்சு. நீங்க சொல்லிக்கொடுத்தபடியே கோடு போட்டேன். சம தூரத்துல ஒரு புள்ளி கிடைச்சுது."

"எங்கே?"

"கருவேலங்காட்டுக்குள்ள. எந்த ஊர்லேர்ந்து போனாலும் ரெண்டு கிலோமீட்டர்."

மரகதவல்லி காம்பஸை ஊன்றிச் சுற்றினார். வட்டம் மூன்று ஊர்களையும் தொட்டுக்கொண்டு போனது.

"கணக்கு சரி."

"சரின்னா ஏன் குடத்தைத் தூக்கிக்கிட்டு அடிக்க வர்றாங்க? கேட்டது அவங்கதானே?"

டீச்சர் காம்பஸை மடக்கினார். சாப்பாட்டு மணி அடித்தது.

கூடத்தில், சுவர் பூச வந்த மூன்று பேர் இலை முன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு பரிமாறியாகிவிட்டது. சாம்பார் வாளியைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார் டீச்சர்.

"பரிமாறுங்க தலைவரே. ஒரே இடத்துல நின்னு. மூணு இலைக்கும் சம தூரத்துல."

தணிகாசலம் நடு இலைக்கு எதிரே போய் நின்றார். ஓர இலைகள் இரண்டும் தூரமாகிவிட்டன. பின்னால் நகர்ந்தார். வித்தியாசம் குறைந்தது, தீரவில்லை. இன்னும் நகர்ந்தார். முதுகு சுவரில் இடித்தது.

"இன்னும் நாலு விரற்கடை வித்தியாசம் இருக்கு" என்றார் டீச்சர்.

"என்னய்யா, அங்கேருந்து வீசப் போறீரா? சோறு ஆறுது!" என்றார் ஓரத்துக்காரர்.

"விட்டா வாசலுக்கே போயிருவாரு" என்றார் மறு ஓரத்துக்காரர்.

நடுவில் இருந்த கொத்தனார் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். வாளியைப் பிடுங்கிக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். இடப்பக்கத்து இலையில் ஊற்றினார். வலப்பக்கத்து இலையில் ஊற்றினார். பிறகுதான் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க ஏங்க கடைசியா ஊத்திக்கிட்டீங்க?"

கொத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாளி என் பக்கத்துலதானே இருக்கு? எட்டாதவங்களுக்குத்தானே முதல்ல?"