தாய்க்கல் இல்லாத மேடை

"குருவே, எனக்கு ஒரு படகு வேண்டும்."

தேபானி நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடையைச் சுற்றிய சுவரில் பவளக்கல் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"எதற்கு, மாருவா?"

"நம் பழைய தீவுக்குத் திரும்பிப் போக. இன்னொரு தாய்க்கல் கொண்டுவர."

"இருபத்தாறு நாள் பயணம்."

"தெரியும்."

"புயல் மாதம் பிறந்துவிட்டது."

"அதுவும் தெரியும்."

"யார் யார் போகிறீர்கள்?"

"நான் மட்டும்."

தேபானி அடுத்த கல்லைத் தூக்கினார். "இந்தப் பக்கம் பிடி," என்றார்.

இருவருக்கும் ஒரே வயது. ஒரே கடற்கரையில் ஓடி வளர்ந்தவர்கள். ஆனால் தேபானி பூசாரி வம்சம். அவரிடம் மந்திரம் கற்க வந்த நாளிலிருந்து மாருவா அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

புதுத் தீவில் கரையேறிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கொண்டுவந்த சேம்பும் ஈரப்பலாக் கன்றுகளும் இன்னும் கூடையிலேயே கிடந்தன. மேடை கட்டி, பழைய தீவின் தாய்க்கல்லை அதில் நட்டு, மந்திரம் சொன்ன பிறகுதான் மண்ணைத் தோண்டலாம். முன்னோர் வைத்த முறை அது.

தாய்க்கல் இல்லை.

பயணத்தின் பத்தாம் நாள் ஒரு கிழவர் இறந்தார். பாயில் சுற்றிக் கடலில் விட்டார்கள். உடல் மூழ்கவில்லை. படகின் பின்னாலேயே மிதந்து வந்தது. பிறகு சுறாக்கள் வந்தன. அவருடைய மகள்கள் முகத்தை மூடிக்கொள்ளக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினேழாம் நாள் மாருவாவின் மனைவி வைரேயா காய்ச்சலில் போனாள்.

படகில் கனமான பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தேபானியே எழுந்தார். தாய்க்கல்லின் கட்டை அவிழ்த்தார். அவள் கால்களோடு சேர்த்துத் தென்னை நார்க் கயிற்றால் இறுக்கினார்.

அவள் நேராகக் கீழே போனாள்.

அன்று ஒருவரும் பேசவில்லை. கரையேறிய பிறகுதான் பேச்சுக் கிளம்பியது.

"தலைவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் தேபானி.

"ஒருத்திக்காக ஊரையே அநாதையாக்கிவிட்டீர்கள் என்கிறார்."

"நீ என்ன சொல்கிறாய்?"

"அவர் சொல்வதில் என்ன தப்பு? செத்தவள் என் மனைவி. நான்தான் உங்களைத் தடுத்திருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை."

"தடுத்திருந்தால்?"

மாருவா கையிலிருந்த கல்லைச் சுவரில் வைத்து அழுத்தினான். பவள முனை அவன் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

"இரண்டு கன்று பட்டுப்போய்விட்டது, குருவே. குழந்தைகள் பசி என்று அழுகிறார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. படகைக் கொடுங்கள். நான் போய்த் தொலைந்தாலும் பரவாயில்லை."

"கல் எடுக்கப் போகிறாயா, தொலையப் போகிறாயா?"

மாருவா குனிந்து இன்னொரு கல்லை எடுத்தான்.

உச்சிவேளைக்குள் மூன்று பக்கமும் இடுப்பளவுக்குச் சுவர் எழுந்துவிட்டது. தேபானி கடல் நீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உள்ளே கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.

"கடல் பக்கத்துச் சுவருக்குக் கல் கொண்டுவரட்டுமா?" என்றான் மாருவா.

"வேண்டாம். அந்தப் பக்கம் சுவர் கிடையாது."

"நான்கு பக்கமும் அடைப்பதுதானே முறை? தாய்க்கல் சுவருக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?"

தேபானி திரும்பவில்லை. மேடையின் தரை முடிந்த இடத்தில் மணல். மணல் முடிந்த இடத்தில் அலை. அதற்கப்பால், கண் எட்டும்வரை, வைரேயா கல்லோடு இறங்கிப்போன நீலம்.

"உள்ளேதான் இருக்கிறது," என்றார்.