நீலக் கண்ணாடிக்குள் குப்பைமேடு

முகப்பு பளபளத்தால் ஊரே பளபளத்துவிடும் என்று நம்பும் நல்லோர் இதைச் சற்றே செவிமடுப்பாராக.

மாவிலிப்பட்டிப் பேரூராட்சிக்குப் புதிய அலுவலகம் எழுந்தது. முகப்பு முழுவதும் நீலக் கண்ணாடி; சுற்றிலும் ஏசிபி ஷீட் என்னும் வெள்ளி நிற அலுமினியத் தகடு. வெள்ளிக்கிழமை கலெக்டர் அம்மா திறந்துவைக்க வருகிறார். அவர் மனம் குளிர்ந்தால் ஊர் நகராட்சியாகும். தலைவர் மருதாசலம் நகராட்சித் தலைவராவார். அந்த நாற்காலியை எண்ணி எண்ணி அவருக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை சாரத்தைப் பிரித்தார்கள். கண்ணாடிக்குள்ளே ஒரு குப்பைமேடு. அதன்மேல் இரண்டு பன்றிகள்.

"மோசம் போனோம்! கம்பெனிக்காரன் குப்பையோட அனுப்பிட்டானே!" என்று மருதாசலம் தலையில் கைவைத்தார்.

"தொடச்சுப் பாத்துட்டனுங்க," என்றார் மேஸ்திரி சின்னக்கண்ணு. "பன்னி நகருது, போகத்தான் மாட்டீங்குது."

கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.

"ஐயா, எதிரில் கிடப்பதுதான் தெரியும். குப்பையைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்காதீர்கள்" என்று சொல்லி அவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

மன்றம் கூடியது.

"ரோட்டுக்கு அந்தப்பக்கம் கொட்டலாமா?"

"அதுவும் முன்னால்தானே?"

"ஊருக்கு வெளியே?"

"எவ்வளவு தூரம் போனாலும் முன்னால் முன்னால்தான்."

எழுத்தர் தெய்வநாயகி தொண்டையைச் செருமினார். "கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது ஒரே இடந்தானுங்க. நம்ம ஆபீசு."

மருதாசலத்தின் கண்கள் பனித்தன. இத்தனை அறிவை வைத்துக்கொண்டா இன்னும் பேரூராட்சியாகவே கிடக்கிறோம்!

வியாழன் முழுவதும் பதினாறு டிராக்டர் குப்பை உள்ளே போயிற்று. நாற்றம் கசிந்த இடுக்குகளையும், கடைசியில் வாசலையும் ஏசிபி ஷீட்டால் அடைத்தார்கள். அலுவலர் பதினொருவரும் போக இடமின்றி, குப்பை அள்ளிக் காலியான எதிர்மேட்டில் மேசை போட்டு, கோப்புகளை விரித்து அமர்ந்தனர்.

வெள்ளிக்கிழமை கலெக்டர் காரைவிட்டு இறங்கினார். மருதாசலம் பெருமிதத்தோடு முகப்பை நோக்கினார், முகம் வெளிறிப்போனது. கண்ணாடிக்குள் பதினொரு அலுவலர்கள். காலடியில், போக்கிடமற்ற அதே இரண்டு பன்றிகள்.

"சின்னக்கண்ணு! ஷீட்டைக் கழட்டு. இவங்களையும் பின்னால கொட்டு!"

சின்னக்கண்ணு கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"கலெக்டர் அம்மாவும் தெரியறாங்களேங்க?"

மருதாசலம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவோடு வழிகாட்டினார்.

"அப்போ மொதல்ல அம்மாதான். ஊருக்குள்ள மரியாதை தெரியாதவங்கன்னு பேராயிடக் கூடாது."